ரயிலடியிலிருந்து அரை மைல்

2003ஆம் ஆண்டு நாங்கள் பாஸ்டனில் வந்து இறங்கியபோது கிடைத்த முதல் வீடு, டார்செஸ்டர் பகுதியில், ஆஷ்மாண்ட் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில் இருந்த ஒரு மூன்றடுக்கு மர வீட்டின் நடுத்தளம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். கேப் வெர்டேயிலிருந்து வந்தவர்கள். மேல்தளத்தில் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்த இரண்டு ஹைட்டி நாட்டுப் பெண்கள். எங்களிடம் காரும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. ஆனாலும் ரெட் லைன் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கெண்டல் ஸ்கொயரில் அலுவலகத்துக்கு அருகிலேயே இறங்கிவிடலாம். ரயிலடிக்குப் பக்கத்தில் எங்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு ஒரு தளம் கிடைத்ததால்தான் இந்த நாட்டில் எங்களால் கால் ஊன்ற முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஷ்மாண்டிலிருந்து மட்டாபானுக்குப் போகும் டிராலியில் ஏறிக்கொள்வோம். 1940களில் செய்த ஒற்றைப் பெட்டி வண்டிகள் அந்தத் தடத்தில் ஓடின. வண்டி ஒரு கல்லறைத் தோட்டத்தின் நடுவே போய், நெபான்செட் ஆற்றைக் கடந்து, மில்டன் என்ற ஊருக்குள் நுழையும். 1965 வரை சாக்லேட் செய்துவந்த பேக்கர் ஆலையின் செங்கல் கட்டடங்கள் ஆற்றங்கரையில் குடியிருப்புகளாக மாறி நிற்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூன்றடுக்கு வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்க, அந்தப் பக்கம் மேப்பிள் மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளித் தனி வீடுகள். டிராலி மில்டனில் நான்கு இடங்களில் நிற்கும். தடமும் வண்டியும் கட்டணமும் ஒன்றுதான்; இடையில் ஓர் ஆறு மட்டும் ஓடியது. ஏன் இந்த வேறுபாடு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எந்த ஊரிலும் வசதியானவர்கள் தெரு வேறு, வாடகைக்காரர்கள் தெரு வேறு என்றுதானே இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி எழுதி, வாக்கெடுத்து, நிறைவேற்றிய விதிகளால் ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜோனிங் என்று இங்கே எல்லோரும் சொல்கிற நிலப் பயன்பாட்டு விதிதான் அது. எந்த மனையில் எத்தனை வீடு கட்டலாம், எவ்வளவு உயரம், சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை கார் நிறுத்த இடம் என்பதையெல்லாம் ஒவ்வொரு ஊரும் தானே வகுத்துக்கொள்கிறது. நான் குடியிருந்த மாதிரியான மர மூன்றடுக்கு வீடுகளைத் தங்கள் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்துக்கொள்ள, 1912ஆம் ஆண்டிலேயே, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம் ஊர்களுக்கு வழி செய்து கொடுத்தது. குடியேறிகள் வாழ்கிற வீட்டு வகை அது என்பதை அன்று யாரும் ஒளிக்கவில்லை. 1926இல் ஜோனிங் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை 'ஒட்டுண்ணி' என்ற சொல்லால் குறித்தது. சுற்றுப்புறத்தின் காற்றையும் வெளியையும் உறிஞ்சி வாழ்வது என்ற பொருளில் எழுதப்பட்ட அந்தச் சொல்லுக்கு நூறு வயது ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டங்களில் அந்தச் சொல் வருவதில்லை. அதன் கருத்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

2021 ஜனவரியில், ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட ஒரு பெரிய பொருளாதாரச் சட்டத்தொகுப்பின் உள்ளே ஒரு சிறிய பிரிவு இருந்தது. பாஸ்டன் பெருநகரத்தின் ரயில், பேருந்து, படகுகளை நடத்தும் போக்குவரத்து ஆணையமான எம்பிடிஏவின் சேவை எட்டும் ஊர்கள் ஒவ்வொன்றும், அடுக்குமாடி வீடுகளை உரிமைப்படியே கட்ட அனுமதிக்கும் ஒரு பகுதியையாவது தன் எல்லைக்குள் வகுக்க வேண்டும் என்றது அது. ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள்; ரயிலடி இருக்கும் ஊரானால் அதிலிருந்து அரை மைலுக்குள்; முதியோருக்கு மட்டும் என்று வயது வரம்பு போடக்கூடாது; குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வாழத் தக்கதாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். 177 ஊர்கள் இதன் கீழ் வந்தன. பாஸ்டன் வரவில்லை; அதன் ஜோனிங் வேறு சட்டத்தின் கீழ் நடப்பது.

'உரிமைப்படி' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சண்டை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதுவரை பெரும்பாலான புறநகர்களில் நான்கு வீடுகள் சேர்ந்த ஒரு கட்டடம் கட்டவேண்டுமானாலும் சிறப்பு அனுமதி வாங்கவேண்டும். அதற்கு விசாரணைக் கூட்டம் நடக்கும். பக்கத்து மனைக்காரர்கள் வந்து பேசுவார்கள். நிழல் விழுகிறது, கார் கூடுகிறது, மழைநீர் என் பக்கம் வடிகிறது என்பார்கள். அனுமதி கிடைத்தாலும் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகள் வட்டி கட்டிக் காத்திருக்க முடிந்தவர்தான் கட்ட முடியும். அப்படிக் காத்திருந்தவர் அந்த வட்டியை வாடகையில் ஏற்றித்தான் ஆகவேண்டும். உரிமைப்படி என்றால், எழுதப்பட்ட அளவுகளுக்குள் இருந்தால் அனுமதியை மறுக்க முடியாது. இந்தச் சட்டம் யாரையும் ஒரு வீடுகூடக் கட்டச் சொல்லவில்லை. யாரேனும் கட்ட முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை, ஊரின் ஒரு சிறு பகுதியில், எடுத்துவிட்டது. கூடவே, இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முன்பு தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுக்குப் பதிலாக எளிய பெரும்பான்மை போதும் என்றும் ஆக்கியது.

மில்டனுக்கு வருகிறேன். அந்த நான்கு டிராலி நிறுத்தங்களால் மாநிலம் அதை விரைவு ரயில் ஊர், அதாவது மெட்ரோ போன்ற நகர ரயில் உள்ள ஊர், என்று வகைப்படுத்தியது. அந்த வகைக்கு, இப்போது உள்ள வீடுகளின் எண்ணிக்கையில் 25 விழுக்காட்டுக்கு இடம் கொள்ளும் பகுதியை 2023 முடிவதற்குள் வகுக்க வேண்டும் என்பது விதி. மில்டன் கணக்கில் அது 2,461 வீடுகள். இந்த எண்தான் ஊரைக் கிளப்பியது. அது காலி நிலம் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் போட்ட கணக்கு, ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்கும் வீடுகளும் அதற்குள் அடங்கும் என்பதை எத்தனை முறை சொன்னாலும், வாசல் புல்வெளியில் நட்டுவைக்கும் பலகையில் அந்த விளக்கத்துக்கு இடம் இருப்பதில்லை. 2023 டிசம்பரில் மில்டனின் பிரதிநிதிகள் கூட்டம் 158க்கு 76 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது. எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று 5,115 பேர் வேண்டாம் என்றும் 4,346 பேர் வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். திட்டம் வீழ்ந்தது.

அந்த இரவு முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த டிராலியும் மேப்பிள் மரங்களும்தான். எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று, டிராலி விரைவு ரயில் ஆகாது என்பது. பழைய வண்டி, ஒற்றைப் பெட்டி, ஆஷ்மாண்டில் இறங்கி மாறவேண்டும் என்றார்கள். அவ்வளவும் உண்மை. ஆனால் அதே வண்டியில்தான் ஆற்றின் வடகரையில் மட்டாபான் மக்கள் பல தலைமுறைகளாக வேலைக்குப் போய்வருகிறார்கள்.

மாநில அரசு மில்டனுக்குத் தரவிருந்த கடல்சுவர் பணிக்கான 1,40,800 டாலர் மானியத்தை நிறுத்தியது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரியா கேம்பல் ஊர்மேல் வழக்குத் தொடுத்தார். அவர் முன்பு பாஸ்டன் நகர மன்றத்தில் டார்செஸ்டர், மட்டாபான் பகுதிகளின் உறுப்பினராக இருந்தவர், அதாவது ஆற்றின் வடகரையிலிருந்து வந்தவர். 2025 ஜனவரி 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஊர்கள் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும், அட்டர்னி ஜெனரல் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டு, கூடவே, சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உரிய நடைமுறைப்படி பிறப்பிக்கப்படாததால் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அரசு ஒரே வாரத்தில் அவசர விதிகளாக அவற்றைத் திரும்ப வெளியிட்டது. 2025 ஜூனில் மில்டன் பிரதிநிதிகள் கூட்டம் புதிதாக ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. மற்ற ஊர்களின் கதைகள் விதவிதமானவை: மார்பிள்ஹெட்டில் நகரக் கூட்டம் ஏற்றதை 2025 ஜூலையில் பொது வாக்கெடுப்பு கவிழ்த்தது, நீடாமில் பெரிய திட்டத்தை வாக்காளர்கள் தள்ளிவிட்டுச் சிறிய திட்டத்துக்கு வந்தார்கள்.

நாங்கள் இப்போது இருப்பது பாஸ்டனுக்கு மேற்கே, புறநகர் ரயில் நிற்கும் ஓர் ஊர். 2011இல் வாங்கிய வீடு. ஊரின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லப்போகிறவர்கள் என் அக்கம்பக்கத்தார்.

எங்கள் ஊரில் பிரதிநிதிகள் கிடையாது. வாக்காளராகப் பதிந்த யாரும் நகரக் கூட்டத்துக்கு வந்து பேசலாம், வாக்களிக்கலாம். உயர்நிலைப் பள்ளி அரங்கில் நடக்கும். வாசலில் பெயரைச் சரிபார்த்து, கைக்கு அடக்கமான ஒரு வாக்குக் கருவியைக் கொடுப்பார்கள். அரங்கின் இடது ஓரத்தில், ஒரு நூல் கயிறு கட்டி, வாக்குரிமை இல்லாதவர்களுக்கென்று இரண்டு வரிசை ஒதுக்கியிருப்பார்கள். குடியுரிமை கிடைக்கும்வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குச் சொத்து வரி கட்டியவள். என் பிள்ளைகள் அதே அரங்கில் ஆண்டு விழாவில் பாடியவர்கள். ஆனால் பள்ளி நிதிக்கான தீர்மானம் வந்தபோது என் கையில் கருவி இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குப் பச்சை அட்டை வரிசை எவ்வளவு நீளம் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். அந்தக் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில்தான் ஒன்றை நான் புரிந்துகொண்டேன். கூட்டத்தில் கை தூக்குபவர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அவர்களுடைய கணக்கில் நாங்கள் வரவில்லை. எங்களையாவது திரும்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். இனி வாடகைக்கு வீடு தேடி வரப்போகிற குடும்பத்துக்கு அந்த அரங்கில் அந்த இரண்டு வரிசைகூட இல்லை.

உள்ளூர் ஜனநாயகம் என்று நாம் மதிக்கிற ஒன்றில் இருக்கும் இந்தக் குறையை எந்த ஊரும் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. வீடு வாங்கி உள்ளே வந்துவிட்டவர்களிடம் மட்டுமே இன்னொருவர் உள்ளே வரலாமா என்று கேட்டால், ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரைக் கைகாட்டும். 177 ஊர்களும் தனித்தனியே நியாயமாக வேண்டாம் என்று சொல்லி முடித்தபின், 2025இலிருந்து பத்து ஆண்டுகளில் 2,22,000 வீடுகள் வேண்டும் என்று மாநில அரசு கணக்கிடும் நிலை வருகிறது. டார்செஸ்டரில் வாடகைக்கு இருப்பவருக்கு எங்கள் ஊரில் வாக்கு இல்லை. மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் இருக்கிறது. அதனால்தான் இதை மாநிலம் முடிவு செய்யவேண்டும் என்று நான் நினைக்கிறேன். மேலிருந்து திணிக்கிறார்கள் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, ஊர்கள் ஜோனிங் செய்வதற்கான வரம்புகளை வகுத்து வைத்திருப்பதும் மாநிலச் சட்டம்தான் என்பது.

2024இல் எங்கள் ஊரில் இந்தச் சட்டத்துக்கான திட்டத்தின்மேல் முதல் கூட்டம் நடப்பதற்கு முந்தைய வாரம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கொலு போலவே ஊரெல்லாம் கூடும் ஒரு பிறந்தநாள் விருந்து. சமையலறையில் வடை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, நீங்க அதுக்கு ஆதரவா பேசப்போறீங்களாமே? நாம எவ்வளவு கஷ்டப்பட்டு இங்க வீடு வாங்கினோம்? ஸ்கூலுக்காகத்தானே வந்தோம்? நாளைக்கு ஒரு கிளாஸ்ல முப்பது பிள்ளைங்கன்னா என்ன பண்றது?" அவள் சுயநலக்காரி கிடையாது. ஊருக்குப் புதிதாக வரும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் முதல் வாரம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள். அவள் கேட்டதற்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பள்ளி பற்றிய பயம் ஆதாரமில்லாதது கிடையாது. 1980இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புராபசிஷன் இரண்டரை என்ற வரம்பின்படி, ஓர் ஊர் தன் மொத்தச் சொத்து வரியை ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் தனி வாக்கெடுப்பு வேண்டும். செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு புதுப் பிள்ளையும் ஒரு செலவாகத் தெரிகிறது. ஆனால் புதிதாக எழும் கட்டடத்தின் வரி அந்த 2.5 விழுக்காட்டுக்குள் அடங்காது, அதற்கு மேல் சேரும் வருவாய். ரயிலடி எதிரே பாழடைந்து கிடக்கும் மனை இன்று ஊருக்குத் தருவது மிகக் குறைவு. அதோடு, படுக்கையறை ஒன்றோ இரண்டோ உள்ள வீடுகளுக்கு வருகிறவர்களில் பிள்ளைகள் இல்லாதவர்களும் வயதானவர்களும் நிறையப் பேர். இதை எடுத்துச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் நான் சொல்லியாகவேண்டும்: பிள்ளைகள் வந்தால்தான் என்ன? எங்கள் பிள்ளைகள் வந்தபோது இந்தப் பள்ளி கணக்குப் பார்க்காமல்தான் சேர்த்துக்கொண்டது.

ரயிலைப் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. 2022 ஜூலையில் ஆரஞ்சு லைன் ரயில் மிஸ்டிக் ஆற்றுப் பாலத்தின் மேல் தீப்பற்றியது. அடுத்த மாதம் அந்தத் தடம் முழுவதையும் 30 நாள் மூடினார்கள். 2023 மார்ச்சில் தண்டவாள ஆய்வுப் பதிவுகளில் குறை கண்டு, சுரங்க ரயில்கள் எல்லாத் தடங்களிலும் மெதுவாக ஓடின. இப்படிப்பட்ட ரயிலை நம்பி வீடு கட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதங்களில் நானும் நிலையத்தில் நின்று கால் கடுத்தவள். 2024 முடிவதற்குள் வேகக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டு அந்த வாதம் தேய்ந்தது. ஆனால் ரயில் சரியில்லை என்பதால் வீடு வேண்டாம் என்பவர்கள் ஆர்லிங்டனின் கதையை நினைத்துப் பார்க்கவேண்டும். 1970களில் ரெட் லைனைக் கேம்பிரிட்ஜுக்கு அப்பால் ஆர்லிங்டன் வழியாக நீட்டத் திட்டம் இருந்தது. ஆர்லிங்டன்வாசிகள் ரயிலே வேண்டாம் என்றார்கள். 1985இல் ஊருக்குள் ஒரு நிலையமும் இல்லாமல், தடம் கேம்பிரிட்ஜின் அலைவைஃப் நிலையத்தோடு முடிந்தது. அதற்கும் அப்பால் லெக்சிங்டன் வழியாகப் போன பழைய இருப்புப்பாதை இன்று சைக்கிள் பாதை. அன்று ரயில் வந்தால் ஊர் கெடும் என்றார்கள். இன்று ரயில் இல்லாததால் வீடு கூடாது என்கிறார்கள்.

லெக்சிங்டனைச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். 2023 ஏப்ரலில், மாநிலம் கேட்டதைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக, 227 ஏக்கரை அந்த ஊர் மனமுவந்து திறந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டங்கள் வரிசையில் வந்தன. வந்த வேகத்தைப் பார்த்து 2025 மார்ச்சில் ஊர் அந்தப் பரப்பைக் குறைத்துக்கொண்டது. எதிர்ப்பவர்கள் இதை எச்சரிக்கையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது காட்டுவது வேறு: கதவு உண்மையாகவே திறந்தால், வர ஆள் இருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்கே மனக்குறை ஒன்று உண்டு. எளிய வருமானக்காரர்களுக்கு இத்தனை வீடு என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஊர்கள் விரும்பினால் பத்து விழுக்காடு வரை கேட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போகவேண்டுமானால் கணக்குக் காட்டவேண்டும். புதுக் கட்டடத்தின் வாடகை என் முதல் வீட்டின் வாடகை மாதிரி இருக்கப்போவதில்லை. ஆனால் 1969லிருந்து மாநிலத்தில் இருக்கும் மலிவு வீட்டுச் சட்டத்தை, உயர்குடி மனப்பான்மைக்கு எதிரான சட்டம் என்றே பெயர் பெற்ற அதை, அரை நூற்றாண்டாக எதிர்த்துவரும் குரல்கள், இந்தச் சட்டத்தில் மலிவு வீடு இல்லையே என்று வருந்தும்போது எனக்கு அதை ஏற்க முடிவதில்லை.

முதல் கூட்டத்தில் எங்கள் ஊரின் திட்டம் தோற்றது. ஒலிவாங்கிக்கு முன் நான் இரண்டு நிமிடம் பேசினேன். ஆஷ்மாண்ட் வீட்டைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள். பிறகு கருவியை அழுத்தித் தோற்கடித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் நடந்த இரண்டாவது கூட்டத்தில் வேறொரு வரைபடம் வைக்கப்பட்டது, அது வென்றது. ஊர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று கடிதமும் வந்தது. அந்த வரைபடத்தை வீட்டில் மேசைமேல் விரித்து வைத்து, தெருத் தெருவாகப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஓரம் 1970களில் கட்டிய ஓர் அடுக்குமாடி வளாகம், முழுவதும் வாடகைக்குப் போயிருக்கிறது, அதை யாரும் இடிக்கமாட்டார்கள். அது பகுதிக்குள் இருக்கிறது. நீண்டகாலக் குத்தகையில் இருக்கும் ஓர் அலுவலக வளாகமும் இருக்கிறது. ரயிலடிக்கு நேர் எதிரே, எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் மரவாடி இல்லை. எல்லைக் கோடு ரயிலடிச் சாலை வழியாக வந்து, மரவாடியின் வேலிக்கு முன்னால் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி சாலையில் சேர்கிறது. பென்சிலை எடுத்து அந்த வளைவின் மேல் போனபோது, யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, இந்த இடத்தில் கையைத் திருப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. கணக்குப்படி எண்ணிக்கை வருகிறது. வீடு ஒன்றும் வராது.

எங்கள் எதிர்வீட்டு அம்மையார் ஓய்வு பெற்ற ஆசிரியை; முதல் கூட்டத்தில் எதிராக வாக்களித்தவர், அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஆறு நாள் மட்டாபானிலிருந்து ஒரு பெண் வருகிறார். ஃபேர்மவுண்ட் தடத்தில் சவுத் ஸ்டேஷன் போய், அங்கே வெளியூர் ரயிலுக்கு மாறி, எங்கள் ரயிலடியில் இறங்கி, மரவாடி வேலியை ஒட்டி நடந்து வருவார். மாலை ஐந்தரை ரயிலை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், அம்மையார் ஐந்தேகாலுக்கே அவரை அனுப்பிவிடுவார். ஐந்தேகாலிலிருந்து இரவு படுக்கும்வரை எழுபத்தெட்டு வயதில் அவர் தனியாகச் சமாளிக்கிறார். போன மாதம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி ஏற முடியவில்லை, இந்த வீட்டை விற்றுவிட்டு இதே ஊரில் லிஃப்ட் உள்ள சின்னதாக ஒன்றுக்குப் போய்விட்டால் போதும் என்றார். அப்படி ஒன்று ஊரில் இல்லை. அந்தப் பெண்ணும் பக்கத்திலேயே எங்காவது குடிவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் அவரே சொன்னார். நான் மரவாடியைப் பற்றிச் சொன்னேன். அங்கே வந்தால் ரயிலடியில் கார் நெரிசல் தாங்காதே என்றார், உண்மையான கவலையோடு.

ஆண்டு நகரக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வைக்க, பதிவு பெற்ற வாக்காளர்கள் பத்துப் பேரின் கையெழுத்து இருந்தால் போதும். மரவாடி மனையை அந்தப் பகுதிக்குள் சேர்க்கக் கோரும் ஒரு பக்க மனுவை எழுதி, திட்டக் குழு அலுவலகத்தில் காட்டி வாசகத்தைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். சமையலறையில் என்னைக் கேள்வி கேட்ட தங்கை ஒரு படி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவளுக்குக் குடியுரிமை போன வருடம்தான் வந்தது. ஏழு கையெழுத்து ஆகியிருக்கிறது. இன்று மாலை ஐந்தரை ரயில் போனபிறகு எதிர்வீட்டுக்குப் போகப்போகிறேன்.